மீட்டர் பொய் சொல்லுதா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சில் வந்த சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

செர்னோபில் பற்றிப் பேசினதுக்கு அப்புறம் நேயர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஒரே வரிதான். "அன்னைக்கு அவங்க கையில இருந்த மீட்டர் சரியா வேலை செய்யுதா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" இதுக்கு ரெண்டு வரியில பதில் அனுப்பிடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வளர்ந்துகொண்டே போய், இப்போ ஒரு முழு எபிசோடா உங்க முன்னாடி நிக்குது. ஏன்னா இந்தக் கேள்விதான் கதிர்வீச்சின் வரலாற்றிலேயே திரும்பத் திரும்ப வரும் கேள்வி. ஒருமுறை இல்லை, பலமுறை, மீட்டர் உண்மையைச் சொன்னது. மனிதர்கள் "மீட்டர் கெட்டுப்போச்சு" என்றார்கள்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். காய்கறிக் கடையில் தராசு தப்பா இருந்தா உங்க கைக்கே ஓரளவு தெரிஞ்சுடும். ஒரு கிலோ வெங்காயம்னு சொல்லி முக்கால் கிலோ தந்தா, பையைத் தூக்கும்போதே சந்தேகம் வரும். தெர்மாமீட்டர் தப்பா காட்டினா, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கலாம். அளவுகோல், கடிகாரம், ஸ்பீடாமீட்டர், எதை எடுத்தாலும் நம்ம உடம்பு ஒரு ரெண்டாவது சாட்சியாகப் பக்கத்தில் நிற்கிறது. கதிர்வீச்சுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, சுடாது. உடம்பு உணரும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். கருவி ஒன்றுதான் சாட்சி. அந்த ஒரே சாட்சியை யார் குறுக்கு விசாரணை செய்வது?

இன்னொரு தொல்லையும் உண்டு. மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்குது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொன்று, மீட்டர் செத்துப்போச்சு. உள்ளே இருக்கும் குழாய் உடைந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், குழாய்க்குப் போக வேண்டிய உயர் மின்னழுத்தம் வராமல் இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். பேட்டரி பொத்தானை அழுத்தினால் பேட்டரி நல்லா இருக்குன்னு மட்டும்தான் தெரியும். டார்ச் லைட்டில் பேட்டரி நல்லா இருந்தும் பல்ப் ஃப்யூஸ் ஆகியிருக்கிற மாதிரி.

இதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடை ரொம்ப எளிமையானது. எவ்வளவு கதிர்வீச்சு தரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சிறு பொருளைக் கூடவே வைத்துக்கொள்வது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மீட்டரை அதன் பக்கத்தில் காட்டுவது. நேற்று காட்டியதையே இன்றும் காட்டினால் சரி, கிளம்பலாம். இதைத்தான் செக் சோர்ஸ் என்கிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் வில்லை, நம்ம நாணயம் அளவுக்கு. உள்ளே ரொம்பச் சிறிய அளவில் சீசியம்-137 மாதிரி ஏதாவது ஒன்று அடைத்திருக்கும். சாதாரணமாக ஒரு மைக்ரோகியூரி. இந்த அளவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த யோசனை எங்கே தொடங்கியது? கருவிக்கு முன்னாடியே தொடங்கிடுச்சு என்றுதான் சொல்லணும். 1900களின் முதல் பத்து வருஷம் ரேடியத்துக்கு ஒரே மவுசு. மருத்துவமனைகள் வாங்குகின்றன, ஆய்வகங்கள் வாங்குகின்றன, விலையோ யானை விலை. ஆனால் பாரிஸில் ஒரு மில்லிகிராம் ரேடியம் என்று சொல்வதும் வியன்னாவில் ஒரு மில்லிகிராம் என்று சொல்வதும் ஒன்றுதானா? யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆய்வகமும் தன் சரக்கை வைத்தே தன் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. 1910இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு மாநாடு கூடி, இதற்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். செய்யும் பொறுப்பு மேரி கியூரியிடம் போனது. 1911 ஆகஸ்ட்டில் அவர் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடினார்.

இங்கே ஒரு சின்ன மனஸ்தாபம். அந்தக் குழாயைத் தன் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கியூரியின் விருப்பம். அது அவர் உழைப்பு. கணவருக்கும் அவருக்கும் சொந்தமான வாழ்க்கைக் கதை அந்தக் குழாயில் இருக்கிறது. எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு உள்ளிட்ட மற்றவர்களோ, உலகப் பொது அளவு ஒரு தனிப்பட்ட ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. ஆனால் வரலாறு ரதர்ஃபோர்டு பக்கம்தான் போனது, போனதும் நல்லதுதான். 1912 மார்ச்சில், வியன்னாவில் தனியாகத் தயாரான இன்னொரு ரேடியம் குழாயைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து ரெண்டையும் ஒப்பிட்டார்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை. வெளியே வரும் காமாக் கதிர்களை மட்டும் அளந்து பார்த்தார்கள். ரெண்டும் நெருக்கமாக ஒத்துப்போயின. அதற்குப் பிறகு கியூரியின் குழாய், மீட்டர் கம்பியும் கிலோகிராம் கட்டியும் பாதுகாக்கப்பட்ட செவ்ருக்கே போய்ச் சேர்ந்தது.

அதே 1912இல், அதே வியன்னா ரேடியம் நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5350 மீட்டர் உயரம் போனார். மேலே போகப்போகக் கதிர்வீச்சு அதிகமாகுது என்று அவர் கருவி காட்டியது. பூமியிலிருந்துதான் எல்லாக் கதிர்வீச்சும் வருகிறது என்று நம்பிய காலம் அது. மேலே போனால் குறையணும், கூடக் கூடாது. "உன் கருவி ஒழுகுது, குளிரில் கெட்டுப்போச்சு" என்று யாரும் சொல்லியிருக்கலாம். ஹெஸ் அதுக்கு முன்னாடியே தயாராகத்தான் போனார். காமாக் கதிர் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தரையிலேயே, வலுவான ரேடியத்தை வைத்து அளந்து பார்த்திருந்தார். பலூனில் ஏற்றியது ஒரு கருவி இல்லை, மூன்று. காஸ்மிக் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதையை வேறொரு நாள் பேசுவோம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: நம்ப முடியாத எண் ஒன்று வரும் என்று எதிர்பார்த்து, அதை நம்புவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொண்டு போன மனிதர் அவர்.

அடுத்து கைகர் கவுன்ட்டர். 1908இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் ரதர்ஃபோர்டும் செய்த முதல் வடிவம், 1928இல் கீல் நகரில் கைகரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் செய்த மேம்பட்ட குழாய், இதெல்லாம் நிறையப் பேருக்குத் தெரிந்த கதை, வேகமா தாண்டிப் போயிடலாம். நாம் நிற்க வேண்டிய இடம் 1950களின் அமெரிக்கா.

அணுகுண்டுப் பயம். ரஷ்யா எந்த நேரமும் தாக்கலாம் என்று அரசாங்கமே பள்ளிக் குழந்தைகளை மேஜைக்கு அடியில் உட்காரப் பழக்கிய காலம். குடிமைப் பாதுகாப்புத் துறை லட்சக்கணக்கில் கதிர்வீச்சு மீட்டர்கள் வாங்கி, ஊர் ஊராக, பள்ளிகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் கொடுத்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, மேலே கைப்பிடி, சுருள் கம்பியில் தொங்கும் உருளை. படங்களில் கைகர் கவுன்ட்டர் என்று பார்த்திருப்பீங்களே, பெரும்பாலும் இதுதான். சிடி வி-700 என்று பெயர். பொம்மை ரயில் செய்து பெயர் வாங்கிய லயனல் கம்பெனியும் இதைத் தயாரித்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இதை இயக்கப் போகிறவர் இயற்பியல் படித்தவர் இல்லை. ஒரு பள்ளி வாத்தியார், ஒரு தீயணைப்பு வீரர். பெட்டி பத்து வருஷம் அலமாரியில் தூங்கும். என்றைக்கோ ஒருநாள் உயிர் போகிற அவசரத்தில் எடுப்பார்கள். அது வேலை செய்யுதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வடிவமைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒரு செக் சோர்ஸை ஒட்டிவிட்டார்கள். பல மாடல்களில், லேபிளுக்கு அடியில் ஒரு துளி செறிவு குறைந்த யுரேனியம். உருளையின் ஜன்னலைத் திறந்து அந்த லேபிள் மேல் வைத்தால் முள் சுமார் 2 மில்லிராண்ட்ஜன் பக்கம் ஏற வேண்டும், ஹெட்போனில் டிக் டிக் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. வாத்தியார் ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம்.

யுரேனியத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கு. தொடக்க கால மாடல்கள் சிலவற்றில் ரேடியம் டி என்று பழைய பெயரில் சொல்லப்பட்ட பொருளை வைத்தார்கள். அது உண்மையில் காரீயம்-210. அதன் அரை ஆயுள் சுமார் 22 வருஷம். அதாவது 22 வருஷத்தில் பாதி, 44 வருஷத்தில் கால்வாசி. மீட்டர் குறைவாகக் காட்டினால், குற்றவாளி மீட்டரா, கிழடாகிப்போன செக் சோர்ஸா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். யுரேனியம்-238இன் அரை ஆயுள் 450 கோடி வருஷம். ஏறத்தாழ பூமியின் வயது. அலமாரியில் பத்து வருஷம் தூங்கினால் அதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சிடி வி-700 சின்ன அளவுகளுக்கானது. குண்டு விழுந்த பிறகு தேவைப்படும் பெரிய அளவுகளுக்கு சிடி வி-715 என்று வேறொரு மஞ்சள் பெட்டி. 500 ராண்ட்ஜன் வரை காட்டும். அதில் செக் சோர்ஸ் கிடையாது. ஏனென்றால் அந்த முள்ளை அசைக்கக்கூடிய சோர்ஸைப் பெட்டியில் ஒட்டினால், அதைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கே ஆபத்து. அதனால் உள்ளே மின்சுற்று ஓடுதா என்று பார்க்க ஒரு பொத்தானோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்த மீட்டர் மிக முக்கியமான நாளில் தேவையோ, அதை முழுசாகச் சோதிக்கக் கையில் வழி இல்லை.

சோவியத் பக்கமும் இதே யோசனைதான். அவர்களுடைய ராணுவ மீட்டர் டிபி-5. 200 ராண்ட்ஜன் வரை அளக்கும். அதனோடு ஒரு செக் சோர்ஸ், ஸ்ட்ரான்சியம்-90, சேர்ந்தே வரும்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், 1986 ஏப்ரல் 26 அதிகாலைக்கு நாம் வந்துவிட்டோம்.

செர்னோபிலில் நாலாவது உலை வெடித்த பிறகு, பணியாளர்கள் கையில் இருந்த பெரும்பாலான மீட்டர்களின் உச்ச அளவு வினாடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன். மணிக்கணக்கில் மாற்றினால் 3.6 ராண்ட்ஜன். முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அதைப் போய் "அளவு 3.6" என்று மேலே சொன்னார்கள். கிணற்றில் பத்தடிக் கயிறு விட்டு, தரை தட்டவில்லை என்றதும் "கிணறு பத்தடி ஆழம்" என்று எழுதிக்கொண்ட மாதிரி. இது பலருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத மறுபாதி இது. அணுமின் நிலையத்தின் குடிமைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் செராஃபிம் வொரொபியோவ். அவரிடம் டிபி-5 இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார். உலைக் கட்டடத்தின் பக்கம் போனபோது முள் 200ஐயும் தாண்டி முட்டியது. ஓடிப்போய் இயக்குநர் விக்டர் புருகானோவிடம் சொன்னார். புருகானோவ் நம்பவில்லை. மீட்டரில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் சின்ன எண்தான் இருந்தது. பக்கத்து பிரிபியாட் நகரில் கிட்டத்தட்ட 49,000 பேர். அன்று சனிக்கிழமை. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மறுநாள் பிற்பகல்தான் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றினார்கள்.

இந்த ஒரு எண்ணை நம்பியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பயம் இருந்தது, மேலிடத்துக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்ற பழக்கம் இருந்தது. நம்ப விரும்பாதவருக்கு எந்த செக் சோர்ஸும் உதவாது. ஆனால் கவனிங்க, "மீட்டர் கெட்டுப்போச்சு" என்பது எவ்வளவு வசதியான பதில்! அதைச் சொல்பவர் பொய் சொல்வதாகத் தோன்றாது. ஜாக்கிரதையான மனுஷன் மாதிரிகூடத் தோன்றும்.

ரெண்டு நாள் கழித்து, ஏப்ரல் 28, திங்கள்கிழமை காலை. இடம் சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம், செர்னோபிலிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர். கிளிஃப் ராபின்சன் என்ற இளம் ஊழியர் கதிர்வீச்சு சோதிக்கும் வாசல் வழியாக நடக்கிறார். அலாரம் அடிக்குது. அவர் உலைப் பகுதிக்கே போகவில்லை. வெளியிலிருந்துதான் வந்திருக்கிறார். அங்கேயும் முதலில் தோன்றியது அதேதான்: கருவியில் ஏதோ கோளாறு. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வாசலில் ஒரு வரிசையே நிற்குது, யாருக்கும் பச்சை விளக்கு எரியவில்லை.

ராபின்சன் ஒரு நல்ல காரியம் செய்தார். வரிசையில் நின்ற ஒருவரின் ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், ஆய்வகத்தில் இருந்த ஜெர்மேனியம் கருவியில் வைத்தார். இந்தக் கருவி எவ்வளவு கதிர்வீச்சு என்பதோடு நிற்காது, எந்தத் தனிமம் என்றும் சொல்லும். எப்படிச் சொல்லும்? தெரிந்த சோர்ஸ்களை முன்னால் வைத்து அதற்கு ஏற்கெனவே பாடம் நடத்தியிருப்பார்கள். சீசியம்-137 வைத்தால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடத்தில் ஒரு கொம்பு எழும்பும். கோபால்ட்-60 வைத்தால் ரெண்டு கொம்பு, வேறு இடத்தில். அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்த கருவி, ராபின்சனுக்கு ஷூவில் இருப்பதைக் காட்டியது. ஃபோர்ஸ்மார்க்கில் வழக்கமாகப் பார்க்காத பொருள்கள் அதில் இருந்தன. எங்கேயோ ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. அன்று இரவு சோவியத் தொலைக்காட்சி சுருக்கமாக ஒரு அறிவிப்பு வாசித்தது.

ஒரே விபத்து, ஒரே சந்தேகம். ஒரு இடத்தில் சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் அதைத் தீர்க்க ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மூன்றாவது கதை பிரேசில். எனக்கு இதுதான் மனசை விட்டுப் போகாத கதை.

1987 செப்டம்பர் 13. கோயானியா நகரில் கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை மையம். உள்ளே கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஒன்று அப்படியே கிடக்கிறது. இரும்புக் கழிவு பொறுக்குகிற ரெண்டு பேர் அதைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். உள்ளே இருந்த உறை உடைந்து, ஒரு பொடி. இருட்டில் நீல வெளிச்சம். என்ன அழகு! சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சிலர் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். ஒரு ஆறு வயதுக் குழந்தை அதைத் தொட்டு விளையாடிய கையோடு சாப்பிட்டது.

அது சீசியம்-137. அளவு 1375 கியூரி. செக் சோர்ஸ் வில்லையில் ஒரு மைக்ரோகியூரி என்று சொன்னேனே, அதே சீசியம், சுமார் 137 கோடி மடங்கு.

வீட்டில் ஒவ்வொருவராக வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவர்கள் உணவு ஒவ்வாமை என்றார்கள், வெப்ப மண்டல நோய் என்றார்கள். பாடம் படிக்காத ஒருவருக்குத்தான் விஷயம் பிடிபட்டது: கடைக்காரரின் மனைவி. இந்தப் பொடி வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் உடம்பு கெடுது என்று அவர் கணக்குப் போட்டார். செப்டம்பர் 28 அன்று, மிச்சத்தை ஒரு பையில் போட்டு, பேருந்தில் ஏற்றி, சுகாதாரத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஒரு மருத்துவரின் மேஜை மேல் வைத்தார். இதுதான் என் குடும்பத்தைக் கொல்லுது என்றார். சில வாரங்களில் அவரும் இறந்துபோனார். கருவி எதுவும் இல்லாமல், உடம்பையே சாட்சியாக வைத்து உண்மையைக் கண்டுபிடித்த பெண்.

மறுநாள் காலை, வால்டர் மென்டஸ் ஃபெரெய்ரா என்ற மருத்துவ இயற்பியலாளரை அழைத்தார்கள். அவர் அந்த ஊருக்கு வந்திருந்தார். கையில் மீட்டர் இல்லை. யுரேனியம் தேடும் அரசு நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று ஊரில் இருந்ததால் அங்கே போய் ஒரு மீட்டர் கடன் வாங்கினார். பாறையில் இருக்கும் துளி யுரேனியத்தைத் தேடும் கருவி, ரொம்ப நுட்பமானது. சுகாதார அலுவலகத்துக்குப் போகும் வழியில், இன்னும் தூரம் இருக்கும்போதே அதைப் போட்டுப் பார்த்தார். முள் சட்டென்று கடைசிக்குப் போய் முட்டியது. வலது பக்கம் திருப்பினார், இடது பக்கம் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியிலேயே நிற்குது.

நீங்க அவர் இடத்தில் இருந்தா என்ன நினைப்பீங்க? ஒரு சாதாரணத் தெரு, ஜனங்கள் நடக்கிறார்கள். கடன் வாங்கின மீட்டர். எது கெட்டுப்போயிருக்கும், தெருவா மீட்டரா? மீட்டர்தான் என்று அவரும் முடிவு செய்தார். திரும்பிப் போனார். வேறொரு மீட்டர் வாங்கினார். மறுபடியும் வந்தார். அதுவும் முட்டியது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, ரெண்டு மீட்டரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

அவர் போய் வந்த அந்த இடைவேளையில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? மருத்துவருக்குக் கவலை அதிகமாகி, தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் வந்து, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் எறிந்துவிடலாம் என்று தயாராக நின்றார்கள். சீசியம் குளோரைடு என்பது உப்பு மாதிரி, தண்ணீரில் கரையும். ஃபெரெய்ரா சரியான நேரத்துக்கு வந்து தடுத்துவிட்டார். சர்வதேச அணுசக்தி முகமையின் அறிக்கையில் இந்தச் சம்பவம் ஒரு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது மீட்டர் எடுக்கப் போன அந்த நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால், கதை ஆற்றோடு போயிருக்கும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தேகப்பட்டது சரி. தீர்த்துக்கொண்ட வழியும் சரி. ரெண்டாவது கருவியை வைத்து முதல் கருவியைச் சோதித்தார், ஹெஸ் மூன்று கருவிகளோடு பறந்த மாதிரி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் நடுத்தெரு இல்லை. முள் முட்டி நிற்கும் இடத்தில் செக் சோர்ஸை எடுத்துக் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை, கடலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி மட்டம் ஏறுதா என்று பார்க்கிற கதைதான். கிளம்புகிற வாசலிலேயே, முள் அமைதியாக இருக்கும்போதே, ஒரு நிமிஷம் செலவழித்திருக்க வேண்டும். அதனால்தான் இன்றைய நடைமுறையில் "பயன்படுத்துவதற்கு முன்" என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறார்கள்.

கோயானியாவில் நாலு பேர் இறந்தார்கள், அந்தக் குழந்தையும் சேர்த்து. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விளையாட்டு அரங்கத்தில் வரிசையில் நிறுத்தி மீட்டரால் சோதித்தார்கள். 249 பேர் மேல் சீசியம் இருந்தது. அத்தனை பேரையும் சோதித்த மீட்டர்கள் ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்தாக வேண்டும், இல்லையா? இங்கே எதிர்ப்பக்க ஆபத்து வருகிறது. செத்துப்போன மீட்டர் ஒருவரைப் பார்த்து "உங்களுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடும்.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள்? ஆய்வகத்துக்கு அனுப்பி, சான்று பெற்ற வலுவான சோர்ஸை வைத்து மீட்டரைச் சரிசெய்து வாங்குவது ஒன்று. இது காலிபரேஷன், பொதுவாக வருஷத்துக்கு ஒருமுறை. நம்ம ஊர் கடைத் தராசுக்கு முத்திரை வாங்குகிற மாதிரி. முத்திரை வாங்கிவந்த அன்றே செக் சோர்ஸைக் காட்டி, என்ன எண் வருது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தினமும் அதே வில்லை, அதே தூரம், அதே பக்கம். குறித்த எண்ணிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ மீட்டரை ஓரமாக வைத்துவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கூடினாலும் சந்தேகம்தான் என்பதைக் கவனிங்க. சீசியம் வில்லைக்கே 30 வருஷத்தில் பாதி பலம் போய்விடும், கோபால்ட்-60 என்றால் ஐந்தே கால் வருஷத்தில். அந்தத் தேய்மானத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும். ஆல்ஃபாக் கதிர்களைத் தேடும் கருவிக்கு ஆல்ஃபா தரும் சோர்ஸ்தான் வேண்டும், சீசியம் காட்டி அதைப் பாஸ் போடக் கூடாது.

முடிப்பதற்கு முன் நம்ம ஊர் சங்கதி ஒன்று. பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கா? கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே, அதில் கட்டும் பட்டுத்துணி வலை, மேன்டில். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் அதைப் பளிச்சென்று எரிய வைத்த ரகசியம் தோரியம் ஆக்சைடு. தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பது 1898இல்தான் தெரியவந்தது. ஐரோப்பாவில் தோரியத்துக்குக் கிராக்கி. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், குமரிப் பக்கத்திலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட் என்றால் தோரியம். அப்படித்தான் மணவாளக்குறிச்சி மணல் உலகச் சந்தைக்குப் போனது.

கைகர் கவுன்ட்டர் வைத்திருக்கும் பொழுதுபோக்கு ஆர்வலர்கள் பலர் இன்றும் செக் சோர்ஸுக்குப் பதிலாகப் பழைய தோரிய மேன்டிலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். டிக் டிக் என்று நன்றாகவே சத்தம் வரும். மீட்டர் உயிரோடு இருக்கா என்று பார்க்க அது போதும். சரியாகக் காட்டுதா என்று சொல்ல அது போதாது, எந்த மேன்டிலில் எவ்வளவு தோரியம் என்று யாருக்குத் தெரியும்? வைத்திருப்பவர்கள் பாலித்தீன் உறையில் போட்டு மூடி வையுங்க. எரிந்த மேன்டிலின் சாம்பலை ஊதாதீங்க. புதிதாக வரும் மேன்டில்கள் பலவற்றில் தோரியமே கிடையாது, இட்ரியம்தான். அதைக் காட்டிவிட்டு "என் மீட்டர் செத்துப்போச்சு" என்று எனக்கு மெயில் போடாதீங்க.

அந்த அமெரிக்க மஞ்சள் பெட்டிகள் இப்போது பழைய சாமான் சந்தையில் விற்கின்றன. பலவற்றில் குழாய் போயிருக்கும், பேட்டரி ஒழுகி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். பக்கவாட்டு லேபிளுக்கு அடியில் இருக்கும் யுரேனியம் மட்டும் ஒட்டின அன்று எவ்வளவு தந்ததோ அவ்வளவையே இன்றும் தந்துகொண்டிருக்கிறது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க. ஒரு வரிக் கேள்வியா இருந்தாலும் பரவாயில்லை.